கடைசிச் சைக்கிள்

1. ஒரு கடிதம் வருகிறது

ஐதராபாத் நகரில் வாழும் ஒரு தாயை நினைத்துக்கொள்வோம். அவர் பெயர் எதுவாகவும் இருக்கலாம். கூலி வேலை செய்பவர். சிறு வயதில் பள்ளிக்குப் போகாதவர். இரவு வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றவர்.

அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு நாள் மாலை, மகள் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வருகிறாள்.

“அம்மா, இதில் ஒரு கையெழுத்துப் போடு.”

முன்பெல்லாம் அந்தத் தாய் கைநாட்டு வைப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் மாட்டார். இப்போது அப்படி இல்லை. கடிதத்தை விளக்கின் அருகில் கொண்டு போகிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.

“பெற்றோருக்கு வணக்கம். சங்கராந்தி விடுமுறையில் 20 மாணவ மாணவியர் சைக்கிளில் கல்விப் பயணம் செல்கிறார்கள். ஐதராபாத்திலிருந்து ராமப்பா கோயில் வரை செல்வோம். மொத்தத் தூரம் சுமார் 230 கி.மீ. பயண நாட்கள் 4. உங்கள் பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்றால் கீழே கையெழுத்து இடவும்.”

தாய்க்குத் திக்கென்றது. 230 கிலோமீட்டர்! அதுவும் சைக்கிளில்! அதுவும் பெண் பிள்ளை!

“நான் போகணும், அம்மா” என்கிறாள் மகள்.

தாய் உடனே கையெழுத்துப் போடவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து வைத்தார். “நாளைக்கு உன் டீச்சரைப் பார்க்கிறேன்” என்றார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

2. தாயின் கேள்விகள்

மறுநாள் தாய் பள்ளிக்குப் போனார். பயணத்தை நடத்தும் ஆசிரியையைச் சந்தித்தார்.

“டீச்சர், எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன. கேட்கலாமா?”

“தாராளமாகக் கேளுங்கள் அம்மா. கேட்டுவிட்டு அனுப்புவதுதான் நல்லது.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போவீர்கள்?”

“முதல் நாள் 45 கி.மீ. அடுத்த இரண்டு நாட்களும் 60 கி.மீ. நான்காம் நாள் 65 கி.மீ. பிள்ளைகள் மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போவார்கள். அப்படியானால் நாளுக்கு ஐந்து மணி நேரம் மிதித்தால் போதும். காலையில் மூன்று மணி நேரம். மாலையில் இரண்டு மணி நேரம். வெயில் நேரத்தில் ஓய்வு.”

“ஏன் சங்கராந்தி சமயத்தில் போகிறீர்கள்?”

“கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மழைக்காலத்தில் சாலை வழுக்கும். தை மாதம்தான் இதற்கு ஏற்றது. இன்னொன்றும் இருக்கிறது. ஐதராபாத் மேட்டில் இருக்கும் நகரம். கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. வாரங்கல் அதைவிடத் தாழ்வான இடம். ஆகவே போகும்போது மொத்தத்தில் ஏற்றத்தைவிட இறக்கம் அதிகம். திரும்பும்போது பிள்ளைகள் பேருந்தில் வருவார்கள். சைக்கிள்கள் மினி லாரியில் வரும்.”

“பெண் பிள்ளைகளுடன் யார் வருவார்கள்?”

“பெரியவர்கள் நான்கு பேர் வருகிறோம். இரண்டு பேர் பெண்கள். இரவில் பள்ளிக்கூடங்களில் தங்குவோம். பெண்களுக்குத் தனி அறை, கழிப்பறை இருக்கிறதா என்று முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்துவிட்டோம்.”

“பிள்ளை விழுந்து அடிபட்டால்?”

“முதலுதவிப் பெட்டி கையில் இருக்கும். பின்னால் மினி லாரி வரும். பெரிய காயம் என்றால் 108-ஐ அழைப்போம். அந்த ஆம்புலன்ஸ் சேவை 2005-ஆம் ஆண்டில் முதன்முதலில் தொடங்கியதே நம் ஐதராபாத்தில்தான்.”

தாய் கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டார்: “இருட்டினால் என்ன செய்வீர்கள்?”

ஆசிரியை நிமிர்ந்து பார்த்தார். “நல்ல கேள்வி அம்மா. அதைக் கடிதத்தில் நாங்கள் எழுதவில்லை. நீங்களே எழுதுங்கள்.”

தாய் பேனாவை வாங்கினார். கையெழுத்தின் மேலே ஒரு வரி எழுதினார்.

“இருட்டுவதற்கு முன் தங்கும் இடம் போய்ச் சேர வேண்டும்.”

அதன் கீழே தம் பெயரை எழுதினார்.

3. சைக்கிளைத் தயார் செய்வோம்

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வேலை தொடங்கியது. முதல் வேலை சைக்கிளைச் சோதிப்பது.

டயரைப் பார்க்க வேண்டும். வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். சக்கரம் கோணாமல் சுற்ற வேண்டும். மணி ஒலிக்க வேண்டும். பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும்.

சீட்டின் உயரம் மிக முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். முழங்கால் லேசாக மடிந்திருந்தால் போதும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும். சீக்கிரம் களைப்பு வரும்.

ஒவ்வொரு பிள்ளையும் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டது. டியூபை வெளியே எடுத்துக் காற்றடிக்க வேண்டும். தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அந்த இடத்தைத் துடைத்து உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சொல்யூஷன் தடவிக் காயவிட வேண்டும். பிறகு ரப்பர் துண்டை ஒட்டி அழுத்த வேண்டும். டயரின் உள்பக்கம் தடவிப் பார்த்து முள்ளை எடுக்க வேண்டும். முள்ளை எடுக்காமல் டியூபை மாட்டினால் மறுபடியும் பஞ்சர்தான்!

4. உடம்பைத் தயார் செய்வோம்

ஒரே நாளில் 60 கி.மீ. மிதிக்க முடியாது. உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். பிள்ளைகள் முதல் ஞாயிறு 15 கி.மீ. போனார்கள். அடுத்த ஞாயிறு 25 கி.மீ. அதற்கு அடுத்த ஞாயிறு 40 கி.மீ.

தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். பசி எடுக்கும் முன்பே கொஞ்சம் சாப்பிட வேண்டும். வாழைப்பழம், கடலை மிட்டாய், வேகவைத்த கடலை நல்லவை. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. அளந்துதான் போட வேண்டும். உப்பு கூடினால் கெடுதல்.

தலைக்கவசம் கட்டாயம். சேலை, துப்பட்டா, தொளதொளப்பான கால்சட்டை ஆகியவை செயினில் சிக்கும். அவற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

5. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதில் ஒரு முறை இருக்கிறது.

பத்துப் பத்துப் பேராக இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முன்னால் ஒரு பெரியவர் போவார். பின்னால் ஒரு பெரியவர் வருவார். முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது. பின்னால் வருகிறவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது.

சாலையின் இடது ஓரத்தில் ஒற்றை வரிசையாகப் போக வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் போய்ப் பேசக் கூடாது. காதில் பாட்டுக் கேட்கக் கூடாது. நிற்பதாக இருந்தால் கையைக் காட்டிவிட்டு, சாலையை விட்டு முழுவதும் இறங்கி நிற்க வேண்டும்.

இந்தப் பயணத்தின் தலைவர் ஆசிரியை. அவர் எங்கே வருவார்? முன்னால் அல்ல. எல்லோருக்கும் பின்னால், கடைசிச் சைக்கிளில் வருவார்.

“டீச்சர், தலைவர் முன்னாலேதானே போக வேண்டும்?” என்று ஒரு பையன் கேட்டான்.

“முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்தால் போதும். யார் களைத்தார், யார் விழுந்தார், யார் சைக்கிள் கெட்டது என்பது பின்னால் இருந்தால்தான் தெரியும்” என்றார் ஆசிரியை.

6. சாலையே பாடப் புத்தகம்

குளிர்ந்த காலை. நகரின் கிழக்கு எல்லையில், உப்பல் என்னும் இடத்தில் எல்லோரும் கூடினார்கள். மணிகள் ஒலித்தன. சைக்கிள்கள் புறப்பட்டன.

முதல் நாள் இரவு போச்சம்பள்ளியில் தங்கினார்கள். நெசவுக்குப் பேர் போன ஊர் இது. மதுரைச் சுங்குடியில் நெய்த துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவார்கள். இங்கே நூலிலேயே கட்டுப் போட்டுச் சாயம் ஏற்றுகிறார்கள். பிறகுதான் நெய்கிறார்கள். நெய்யும்போது பூவும் கட்டமும் தாமாகவே தோன்றுகின்றன. ஒரு நூல் விலகினாலும் பூ கலைந்துவிடும்.

இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் வினோபா பாவே நடந்தே இங்கு வந்தார். நிலமில்லாத தாழ்த்தப்பட்ட மக்கள் அவரிடம் 80 ஏக்கர் நிலம் கேட்டார்கள். “இந்த ஊரில் யாராவது தர முடியுமா?” என்று அவர் கேட்டார். வெதிரே ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்தார். 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூமிதான இயக்கம் அன்று பிறந்தது. அதனால் இந்த ஊரைப் பூதான் போச்சம்பள்ளி என்று அழைக்கிறார்கள்.

இரண்டாம் நாள் புவனகிரி வந்தது. தெலுங்கில் போங்கீர் என்றும் சொல்வார்கள். ஊர் நடுவே ஒரே பாறையாக ஒரு குன்று. அதன் மேல் ஒரு கோட்டை. சாளுக்கிய அரசர் ஆறாம் விக்கிரமாதித்தர் காலத்தில் எழுந்த கோட்டை அது. பிள்ளைகள் படி ஏறிப் பார்த்தார்கள். தாங்கள் வந்த சாலை கீழே நூல் போலத் தெரிந்தது. அன்று இரவு ஜனகாமாவில் தங்கினார்கள்.

7. மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் சோதனை வந்தது.

எதிர்காற்று வீசியது. காலையிலேயே இரண்டு சைக்கிள்களில் கருவேல முள் ஏறியது. பஞ்சர் ஒட்ட ஒரு மணி நேரம் போனது. பிறகு ஒரு பையன் பின்தங்கத் தொடங்கினான். மற்றவர்கள் நின்று நின்று காத்திருந்தார்கள்.

“இவனால் எல்லோருக்கும் தாமதம். இவனை லாரியில் ஏற்றிவிடுங்கள், டீச்சர்” என்றான் ஒருவன்.

பின்தங்கிய பையனுக்குக் கண் கலங்கியது.

ஆசிரியை அவனைத் திட்டவில்லை. அவன் சைக்கிளைத் தூக்கிப் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சக்கரம் இரண்டு சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டே இருந்தது. சீட்டும் கீழே இறங்கியிருந்தது.

“பிள்ளை பின்தங்கினால் முதலில் சைக்கிளைப் பார்க்க வேண்டும். பிறகுதான் பிள்ளையைக் குறை சொல்ல வேண்டும்” என்றார் ஆசிரியை.

பிரேக்கைச் சரி செய்தார்கள். சீட்டை உயர்த்தினார்கள். பையனுக்குத் தண்ணீரும் கடலை மிட்டாயும் கொடுத்தார்கள். அதன் பிறகு ஆசிரியை அவனை வரிசையின் முன்னால் விட்டார். வழிகாட்டும் பெரியவருக்கு அடுத்த இடம் அவனுக்கு. அவன் வேகமே இப்போது எல்லோருடைய வேகம். அவன் மேல் படும் காற்றும் குறைந்தது. வரிசை அறுபடாமல் நகர்ந்தது.

ஆனாலும் இழந்த நேரம் இழந்ததுதான். மாலை 5.15 மணி. அனுமகொண்டாவுக்கு இன்னும் 14 கி.மீ. பாக்கி. சூரியன் மறைவது 6 மணி வாக்கில்.

ஆசிரியை எல்லோரையும் சாலையை விட்டு இறங்கி நிற்கச் சொன்னார். “இன்றைக்கு இவ்வளவுதான். சைக்கிள்களை லாரியில் ஏற்றுங்கள். நாம் பேருந்தில் போகலாம்.”

பிள்ளைகள் துடித்துப் போனார்கள்.

“வேண்டாம் டீச்சர்! இன்னும் 14 கி.மீ.தான்! மிதித்தே போய்விடுவோம்!”

“முழுத் தூரமும் மிதித்தோம் என்று சொல்ல முடியாமல் போய்விடுமே!”

ஆசிரியைக்கும் ஆசை இருந்தது. இத்தனை நாள் உழைத்தவர் அவர். ஒரு நிமிடம் சாலையைப் பார்த்தார். நான்கு வழிச் சாலை. லாரிகளும் பேருந்துகளும் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. இருட்டில் ஒரு சைக்கிள் அவர்கள் கண்ணில் படுமா?

அவர் தம் பையைத் திறந்தார். சம்மதக் கடிதங்களை எடுத்தார். அவற்றில் ஒன்றைப் பிரித்து, அந்த மாணவியிடம் கொடுத்தார்.

“உன் அம்மா எழுதியது. எல்லோருக்கும் கேட்கும்படி படி.”

மாணவி படித்தாள். “இருட்டுவதற்கு முன் தங்கும் இடம் போய்ச் சேர வேண்டும்.”

எழுத்து கோணல் மாணலாக இருந்தது. ஆனால் தெளிவாக இருந்தது.

“இதைப் படித்துத்தான் நான் கடிதத்தை வாங்கிக்கொண்டேன். நான் கொடுத்த வாக்கு இது. உங்கள் 14 கி.மீ.யைவிட இது பெரியது” என்றார் ஆசிரியை.

யாரும் பேசவில்லை. முதலில் அந்த மாணவி தன் சைக்கிளை லாரியை நோக்கித் தள்ளினாள். மற்றவர்களும் பின்னே போனார்கள்.

8. சிற்பியின் பெயர்

நான்காம் நாள் காலை அனுமகொண்டாவில் ஆயிரங்கால் கோயிலைப் பார்த்தார்கள். காகதிய மன்னர் ருத்ரதேவர் 1163-ஆம் ஆண்டில் கட்டியது அது. அங்கிருந்து பாலம்பேட்டைக்குப் பயணம். மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே, ராமப்பா கோயில் வந்து சேர்ந்தது.

இந்தக் கோயில் 1213-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காகதியப் படைத்தலைவர் ரேச்சர்ல ருத்ரர் கட்டுவித்தார். கோபுரத்துச் செங்கற்கள் தண்ணீரில் மிதக்கும் அளவுக்கு எடை குறைந்தவை. 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பல கோயில்கள் சாமியின் பெயராலோ அரசரின் பெயராலோ விளங்குகின்றன. இது ராமப்பா என்ற சிற்பியின் பெயரால் விளங்குகிறது. உழைத்தவரின் பெயர் நிலைத்து நிற்கிறது.

அன்று இரவு மாணவி தன் குறிப்பேட்டில் எழுதினாள்: “மொத்தம் 230 கி.மீ. நாங்கள் மிதித்தது 216 கி.மீ. வந்து சேர்ந்தது 24 பேரும்.”

9. சைக்கிள் தரும் துணிவு

சைக்கிளில் நெடுந்தூரம் போவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1923-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார்கள். மூன்று பேர் முழுவதும் சுற்றி 1928-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊர் திரும்பினார்கள். அடி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா என்பவை அவர்கள் பெயர்கள். அவர்கள் கடந்த தூரம் சுமார் 71,000 கி.மீ.

பெண்களின் கதை இன்னும் பெரியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் வேகம் பெற்றது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ளப் பெண்களை அவர் ஊக்கப்படுத்தினார். வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். வயல் வேலை செய்தவர்கள், கல்குவாரியில் உழைத்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லோரும் கற்றார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பெண்கள் நிறுத்தவில்லை. 1992-இல் உலக மகளிர் தினத்தை ஒட்டி 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகரை வலம் வந்தார்கள். பேருந்துக்காகக் காத்திருந்த பெண்கள் தாங்களே தண்ணீர் கொண்டு வந்தார்கள். தாங்களே சந்தைக்குப் போனார்கள்.

எழுதத் தெரிந்தால் கேள்வி கேட்கலாம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் நினைத்த இடம் போகலாம். நம் கதையில் வந்த தாய் கேள்வி கேட்டார். அதனால் மகள் பத்திரமாகப் போய் வந்தாள்.

மகள் வீடு திரும்பியதும் அம்மாவிடம் சொன்னாள்: “அம்மா, நீ எழுதியதை நான்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.”

தாய் சிரித்தார். “எழுத்துப் பிழை இல்லையே?” என்று கேட்டார்.

கலந்து பேசுவோம்

1. தாய் கடிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?
2. தலைவர் ஏன் கடைசிச் சைக்கிளில் வந்தார்? உங்கள் குழுவில் கடைசியாக வருகிறவரை யார் கவனிக்கிறார்கள்?
3. பின்தங்கிய பையனை முன்னால் விட்டது சரியா?
4. உங்கள் ஊரில் பெண்கள் சைக்கிள் ஓட்டுகிறார்களா? ஓட்டாவிட்டால் தடை எது?

கணக்குப் போடுவோம்

1. மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் 14 கி.மீ. போக எவ்வளவு நேரம் ஆகும்? மாலை 5.15 மணிக்குப் புறப்பட்டால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்?
2. 2 லிட்டர் தண்ணீருக்கு உப்பும் சர்க்கரையும் எத்தனை தேக்கரண்டி?

எழுதுவோம்

உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்து இப்படி ஒரு கடிதம் வருகிறது. கையெழுத்துக்கு மேலே நீங்கள் எழுத விரும்பும் ஒரு வரியை எழுதுங்கள்.